பழைய தூண்டில் லூர்: எதுன்னு கண்டுபிடிக்கிறதும் அதே மாதிரி ஒண்ணு செய்யுறதும் – அடிக்கடி வர்ற கேள்விகள்

பழைய டேக்கிள் பெட்டியில (தூண்டில் சாமான் வைக்கிற பெட்டி) ஒரு மர லூர் (மீனை ஏமாத்த முள் மாட்டி செஞ்ச போலி இரை) கிடைச்சிருக்கு. எந்த கம்பெனி, எந்த காலம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல கலரை பாக்குறதை நிறுத்துங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, "செவப்பு தலை வெள்ளை உடம்பு, இது எந்த கம்பெனி"ன்னு கேக்குறாங்க, அந்த கலரை அமெரிக்காவுல அடிக்காத கம்பெனியே கிடையாது. பெயிண்ட் யார் வேணாலும் எப்ப வேணாலும் அடிக்கலாம். தூண்டில் முள்ளை லூர் உடம்புல மாட்டுற இரும்பு சாமான் அப்படி இல்ல, அதுக்கு டை (தகட்டை வெட்டி வளைக்கிற அச்சு) வேணும், மெஷின் வேணும், பேடண்ட் வேணும், அதனால கம்பெனிக்கு கம்பெனி வேற மாதிரி இருக்கும், காலத்துக்கு காலமும் மாறும்.

நான் பாக்குற வரிசை இதுதான்: முள் எப்படி மாட்டியிருக்கு, கண்ணு என்ன கண்ணு, லிப்புலயோ (மூக்குக்கிட்ட நீட்டிக்கிட்டு இருக்குற தகடு) ப்ரொப்பெல்லர்லயோ ஏதாவது எழுத்து குத்தியிருக்கா, உடம்போட வடிவம், கடைசியா பெயிண்ட். பெட்டி (அந்த சின்ன அட்டைப்பெட்டி) கூட இருந்தா அது போனஸ், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

பெரிய கம்பெனிங்க யார் யாரு?

பழைய மர லூர்னு பேசினா திரும்பத் திரும்ப வர்ற ஆறு பேர் இருக்கு. மிச்சிகன்ல டவாஜியாக் ஊர்ல ஹெடான், அதே மிச்சிகன்ல கலமாசூல ஷேக்ஸ்பியர், பா பா ஊர்ல பா பா பெய்ட் கம்பெனி. இண்டியானாவுல கேரட் ஊர்ல கிரீக் சப், சவுத் பெண்ட்ல சவுத் பெண்ட். ஒஹாயோவுல ஆக்ரான்ல ஃப்ளூகர். மேப்ல பாத்தா மிச்சிகன் ஏரியைச் சுத்தியும் அதுக்குக் கிழக்கால கொஞ்சமும்தான் மொத்த தொழிலும்.

ஜேம்ஸ் ஹெடான் மில் குளத்தங்கரையில உக்காந்து மரத்துண்டை செதுக்கிக்கிட்டே இருந்து, அதை தண்ணில தூக்கிப் போட்டதும் மீன் வந்து அடிச்சுதுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை எவ்வளவு நிஜமோ, 1902-ல அவருக்கு பேடண்ட் கிடைச்சது நிஜம். அதுக்கு ரொம்ப முன்னாடியே 1852-ல ஜூலியோ புயெல் ஸ்பின்னருக்கும் (தண்ணில இழுத்தா சுத்துற உலோக லூர்), 1859-ல ரைலி ஹாஸ்கெல் உலோகத்துல மீன் மாதிரியே செஞ்ச லூருக்கும் பேடண்ட் வாங்கிட்டாங்க. அந்த ஹாஸ்கெல் மின்னோவுல பெரிய சைஸ் ஒண்ணு 2003-ல ஏலத்துல 1,01,200 டாலருக்குப் போச்சு. இந்த மாதிரி விலை வந்ததுக்கப்புறம் போலி செய்யுறவனும் வராம இருப்பானா.

முள் மாட்டுற விதத்தை வச்சு எப்படி காலத்தை சொல்றது?

ஹெடானை வச்சு சொல்றேன், அதுல வரிசை தெளிவா இருக்கும். ஆரம்பத்துல வெறும் கொக்கி ஸ்குரூ, மரத்துல நேரா முறுக்கி விட்டது. அப்புறம் அந்த ஸ்குரூவைச் சுத்தி ஒரு சின்ன உலோகக் கிண்ணம், கப்புன்னு சொல்லுவாங்க, முள் ஆடும்போது பெயிண்ட்டை ரொம்ப சுரண்டக் கூடாதுன்னு. 1910கள் பிற்பாதியில எல் ரிக் (ரிக்னா முள் மாட்டுற அமைப்பு) வருது, கிண்ணத்துக்குள்ள எல் மாதிரி வளைஞ்ச ஒரு தகடு. அப்புறம் ரெண்டு துண்டா வர்ற தகடு, கடைசியா உடம்பு மேலயே தட்டையா ஸ்குரூ அடிச்ச சர்ஃபேஸ் ரிக். எல் ரிக் மாட்டின லூரை "1905 மாடல்"னு ஒருத்தர் விக்க வந்தா சிரிச்சுட்டு போயிடலாம்.

ஷேக்ஸ்பியரோட சில பழைய மாடல்ல உடம்புக்கு குறுக்கே துளை போட்டு கம்பியை விட்டிருப்பாங்க, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். ஃப்ளூகர்ல நெவர்ஃபெயில்னு ஒரு முறுக்கின கம்பி, முள்ளை கழட்டி மாட்ட வசதியா இருக்கும். ஒரு தடவை கையில பிடிச்சு பாத்தா மறக்காது, போட்டோல பாத்து மனப்பாடம் பண்றதெல்லாம் ரெண்டு நாள்ல போயிடும்.

ஸ்குரூ தலையில பிளஸ் காடி இருக்கு, பரவாயில்லையா?

பிளஸ் காடி, அதான் ஃபிலிப்ஸ் ஸ்குரூ, 1930கள் நடுவுலதான் சந்தைக்கே வந்துச்சு. 1920 லூர்ல அது இருந்தா யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. ஒத்தைக் காடி இருந்தாலும் லென்ஸ் வச்சு காடியோட ஓரத்தைப் பாருங்க. திருப்புளி நழுவி பளபளன்னு கீறல் இருந்தா, சமீபத்துல யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம். எதுக்கு திறந்தாங்கன்னு கேளுங்க. இதே காரணத்துக்காக நீங்களும் உங்க லூர்ல ஸ்குரூவை கழட்டிப் பாக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு ஆர்வமாத்தான் இருக்கும், ஆனா கழட்டின தடம் போகவே போகாது.

லிப்புல "9-7-20"னு தேதி இருக்கு. அப்போ 1920-ல செஞ்சதா?

இல்ல. இந்தக் கேள்வி வாராவாரம் வரும். அது கிரீக் சப் லூரோட உலோக லிப்புக்கு பேடண்ட் கிடைச்ச நாள், 1920 செப்டம்பர் 7. கம்பெனி 1916-ல ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் பல பத்து வருஷம் அதே தேதியை குத்திக்கிட்டேதான் வந்தாங்க. அதனால அந்த தேதி சொல்றது ஒண்ணே ஒண்ணு: இது 1920-க்கு அப்புறம். எழுத்தே இல்லாத வெறும் லிப்பா இருந்தா இன்னும் பழசா இருக்க வாய்ப்பு இருக்கு, மத்ததும் ஒத்துப் போனா.

தேதிக்கு பதிலா பேடண்ட் நம்பர் இருந்தா இன்னும் நல்லது. அமெரிக்க பேடண்ட் நம்பர் பத்து லட்சத்தை 1911-லயும், இருபது லட்சத்தை 1935-லயும் தொட்டுச்சு. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா ஒரு நம்பரைப் பாத்ததும் தோராயமா காலம் சொல்லிடலாம். இதுவும் "இதுக்கு முன்னாடி இல்ல"ங்கற கணக்குதான்.

கண்ணாடிக் கண்ணு இருந்தா பழசுதானே?

பெரும்பாலும், ஆனா அதை மட்டும் நம்பக் கூடாது. ரொம்ப ஆரம்பத்துல சிலதுல கண்ணே இருக்காது, அப்புறம் கண்ணாடி, அப்புறம் ஆணி மாதிரி அடிச்ச கண்ணு, பெயிண்ட்ல வச்ச புள்ளி, பிளாஸ்டிக்லன்னா அச்சுலயே வந்த கண்ணு. ஆனா கம்பெனி எல்லாம் ஒரே நாள்ல மாறல, மலிவான மாடலுக்கு ஒண்ணு விலை கூடினதுக்கு ஒண்ணுன்னு ஒரே சமயத்துல ரெண்டும் ஓடுச்சு. அதுவும் போக, கண்ணாடிக் கண்ணு இன்னைக்கும் ஜோடி ஜோடியா கம்பில கோர்த்து விக்கிறாங்க, நானே அதைத்தான் வாங்குறேன்.

பெட்டியை வச்சு என்ன சொல்லலாம்?

நிறைய. 1900கள் ஆரம்பத்துல மூடி நகர்த்துற மரப்பெட்டி, அப்புறம் அட்டை. அட்ரஸ்ல ஊர் பேருக்கப்புறம் ஒண்ணு ரெண்டு இலக்க எண் இருந்தா 1943-க்கு அப்புறம், அஞ்சு இலக்க ஜிப் கோடு இருந்தா 1963-க்கு அப்புறம். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்"ல செஞ்சதுன்னு ஆங்கிலத்துல அடிச்சிருந்தா 1945-ல இருந்து 1952-க்குள்ள. ஆனா பெட்டியும் லூரும் ஒண்ணா பொறந்ததுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல, காலிப் பெட்டியை தனியா வாங்கி வேற லூரை உள்ள வைக்கிறது ரொம்ப சகஜம். பெட்டி ஓரத்துல மாடல் நம்பர் இருக்கும், அது உள்ள இருக்குற லூரோடதுதானான்னு பாருங்க.

போர்க்கால லூர்னு சொல்றாங்களே, அது என்ன?

ஃப்ரெட் ஆர்போகாஸ்டோட ஜிட்டர்பக் தெரியும்ல, முன்னாடி அகலமா ஒரு உலோக லிப் வச்சு தண்ணி மேல தத்தித் தத்திப் போகுமே, அது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல உலோகத்துக்கு கட்டுப்பாடு வந்ததால லிப்பை பிளாஸ்டிக்ல செஞ்சாங்க. பிளாஸ்டிக் லிப் ஜிட்டர்பக் கையில வந்தா காலம் தன்னால தெரிஞ்சுடும். இப்படி ஒரு துப்பு கிடைக்கிறப்ப வர்ற சந்தோஷமே தனி.

பெயிண்ட் ஒரிஜினலா, மறுபடி அடிச்சதான்னு எப்படி தெரியும்?

நான் ஏமாந்த கதையை சொல்றேன், அதுலயே பதில் இருக்கு. ஹெடானோட அஞ்சு முள் டவாஜியாக் மின்னோங்கற மாடல் ஒண்ணு, பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு முள், வால்ல ஒண்ணு. போட்டோல அழகா தேய்ஞ்சு போன மாதிரி இருந்துச்சு, 180 டாலர் குடுத்து வாங்கிட்டேன். கையில வந்ததும் ஏதோ உறுத்துது, என்னன்னு தெரியல, ரெண்டு நாள் மேசை மேலயே கிடந்துச்சு. மூணாவது நாள் பக்கத்து முள்ளை விரலால சும்மா ஆட்டிக்கிட்டு இருக்கேன், அப்பதான் புரிஞ்சுச்சு. முள் ஆடினா அதோட கூர் பெயிண்ட் மேல அரை நிலா மாதிரி ஒரு கோடு போடும், பல வருஷம் பெட்டியிலயும் படகுலயும் கிடந்து ஆடின லூர்ல அந்த அரை நிலா மரம் தெரியுற அளவுக்கு ஆழமா இருக்கும். என்னோடதுல முள் ஆடுற இடம் புது மணப்பெண் கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு, முள் எட்டவே எட்டாத முதுகுலயும் தலையிலயும் ஒரே கீறல், அதுவும் எல்லாம் ஒரே திசையில. உப்புத்தாள். ஸ்குரூ காடி நாலும் பளிச்சுன்னு மின்னுது. உடம்பு ஒருவேளை பழசா இருக்கலாம், மேல இருக்குற வயசு மொத்தமும் செட்டப்பு.

அதுல இருந்து நான் பாக்குறது: தேய்மானத்துக்கு காரணம் இருக்கணும். எங்க உரசும், எது உரசும்னு கேட்டுக்கிட்டே பாத்தா போதும். இன்னொண்ணு, மரம் சுருங்கினா மர இழை ஓடுற திசையிலதான் பெயிண்ட் விரிசல் விடும், ஓவன்ல வச்சு வெடிக்க வச்சது சிலந்தி வலை மாதிரி எல்லா திசையிலயும் போகும். கண்ணு விளிம்புலயும் கப் விளிம்புலயும் பெயிண்ட் ஏறி வழிஞ்சிருக்கான்னும் பாருங்க, ஏறியிருந்தா பின்னாடி அடிச்சதுக்கு வாய்ப்பு அதிகம்.

யூவி டார்ச் அடிச்சுப் பாக்கலாம், புது பசையும் சில புது பெயிண்ட்டும் பளீர்னு ஒளிரும், ஒட்டுப்போட்ட இடம் தனியா தெரியும். ஆனா ஒளிரலைன்னா ஒரிஜினல்னு முடிவு கட்டிடாதீங்க. அசிட்டோன் தொட்டுப் பாக்கச் சொல்றவங்க பேச்சை கேக்கவே கேக்காதீங்க, பழைய லேக்கர் (வார்னிஷ் மாதிரி பூச்சு) ஒரிஜினலா இருந்தாதான் முதல்ல கரையும், உண்மையை கண்டுபிடிச்ச அதே நொடியில அதை அழிச்சும் இருப்பீங்க.

சுத்தம் பண்ணலாமா?

ஈரப் பஞ்சு, லேசான சோப்பு, உடனே துடைச்சு காயவிடணும். அவ்வளவுதான். உலோகத்தை பாலிஷ் போடாதீங்க, துருப்பிடிச்ச முள்ளை புதுசா மாத்தாதீங்க.

பிளாஸ்டிக் லூர் ஒண்ணு பெட்டிக்குள்ளயே உருகின மாதிரி இருக்கு, ஏன்?

1930கள்ல வந்த ஆரம்ப பிளாஸ்டிக் லூர் பெரும்பாலும் செல்லுலோஸ்ல செஞ்சது, தானா சிதையுற குணம் உண்டு. மோந்து பாருங்க, கற்பூர வாசம்னா செல்லுலோஸ் நைட்ரேட், வினிகர் வாசம்னா செல்லுலோஸ் அசிடேட். சிதையும்போது வர்ற ஆவி பக்கத்துல இருக்குறதையும் கெடுக்கும், அதனால தனியா, காத்தாட வைங்க. ரப்பர் புழு மாதிரி இருக்குற சாஃப்ட் லூர் கெட்டி பிளாஸ்டிக் மேல ஒட்டிக்கிட்டு கிடந்தாலும் உருக்கிடும், அது வயசுக்கோளாறு இல்ல, சேர்க்கை கோளாறு.

அதே மாதிரி ஒண்ணு செய்யணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

அளவுல இருந்து. ஒரிஜினலை (இல்லைன்னா நல்ல அளவு போட்ட படத்தை) வச்சு, மூக்குல இருந்து ஒவ்வொரு அரை சென்டிமீட்டருக்கும் வெர்னியர் (துல்லியமா அளக்குற கருவி) வச்சு குறுக்களவு எடுங்க, மேலிருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவா வந்தா லேத்துல கடைஞ்ச உடம்பு. நூறு வருஷ லூர்ல லேசா வித்தியாசம் வரும், மரம் எல்லா பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, அதைக் காப்பி அடிக்காதீங்க, அவங்க கடைஞ்சப்ப அது வட்டமாத்தான் இருந்துச்சு. அளவை அட்டையில வெட்டி டெம்ப்ளேட் வச்சுக்கங்க.

மரம்னா செடார் நல்லது, பழைய லூர் நிறைய அதுலதான். பால்சா ரொம்ப லேசு, சின்ன லூருக்கு சரி. பெரிய லேத்தும் பட்டறையும் இருந்தாதான் முடியும்னு நினைக்காதீங்க, ஃபின்லாந்துல லவ்ரி ராபலா 1936-ல தன்னோட முதல் லூரை செருப்பு தைக்கிறவங்க கத்தியால கார்க்குல செதுக்கினாரு, மேல சுத்தினது சாக்லேட் ஜிகினாத்தாள், அதுக்கு மேல பூச்சு போட்டது போட்டோ நெகடிவை உருக்கி. ராபலாங்கற பேரு இன்னைக்கு பெரிய லூர் கம்பெனி பேரு.

சிலிக்கான் அச்சு எடுத்து ரெசின் (ஊத்தினா இறுகுற பிளாஸ்டிக் திரவம்) ஊத்தினா சுலபம்ல?

சுலபம்தான், நான் செஞ்ச முதல் காப்பி அதுதான். கிரீக் சப்போட பைக்கி மின்னோங்கற மாடலை அச்சு எடுத்து ஊத்தினேன், செதில் கோடு வரைக்கும் அச்சு அசல், தண்ணில போட்டா கல்லு மாதிரி நேரா தரைக்குப் போச்சு. கணக்கு போட்டுப் பாருங்க, உடம்பு 30 கன சென்டிமீட்டர்னா செடார்ல 10, 11 கிராம்தான் வரும், மிதக்க நிறைய இடம் இருக்கு. ரெசின் தண்ணியை விட கொஞ்சம் கனம், அதே உடம்பு 32 கிராம் வந்துடும், முள்ளும் லிப்பும் சேர்றதுக்கு முன்னாடியே மூழ்கிடும். ரெசின்ல கண்ணாடி நுண்குமிழ் பவுடர் கலந்து எடையைக் குறைக்கலாம், ஆனா அப்பவும் எடை எங்க உக்காருதுங்கறது மாறிடும், அசைவு வேற மாதிரி ஆயிடும். அலமாரியில வைக்க ரெசின், தண்ணில விட மரம். அச்சு எடுக்கும்போது ஒரிஜினல் பெயிண்ட் சிலிக்கானோட பிஞ்சு வந்துடும் அபாயமும் இருக்கு, விலை உள்ள லூருக்கு அச்சே எடுக்காதீங்க.

செதில் டிசைன் எப்படி வருது?

கொசுவலை. நிஜமாத்தான், இல்லைன்னா மணப்பெண் முக்காட்டுக்கு போடுற மெல்லிசு வலை. மரத்துக்கு முதல்ல சீலர் ரெண்டு மூணு கோட்டிங் ஊற விடணும், ஸ்குரூ துளைக்குள்ளயும் விடணும், இதை விட்டீங்கன்னா அங்கதான் தண்ணி ஏறி மரம் ஊதி பெயிண்ட் வெடிக்கும். அப்புறம் வெள்ளை, நல்லா காய்ஞ்சு உப்புத்தாள், மறுபடி வெள்ளை. அது மேல செதிலோட ஓரக்கோடு என்ன கலர்ல வரணுமோ அதை அடிங்க, வெள்ளியோ லேசான பச்சையோ. காய்ஞ்சதும் வலையை உடம்பு மேல இழுத்துச் சுத்தி வயித்துப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குங்க, சுருக்கம் இருந்தா அந்த இடத்துல செதில் கோணிக்கும். இப்ப கருப்பான கலரை ஏர்பிரஷ்ல மேலிருந்து லேசா ரெண்டு தடவை. நூல் மறைச்ச இடம் கோடா நிக்கும், ஓட்டை எல்லாம் செதில் ஆயிடும். வலையை எப்ப எடுக்குறதுங்கறதுதான் கைப்பழக்கம், சீக்கிரம் எடுத்தா இழுவும், லேட்டா எடுத்தா பெயிண்ட்டோட ஒட்டிக்கிட்டு வரும். நான் ஒரு பத்து உடம்பை கெடுத்தப்புறம்தான் பிடிபட்டுச்சு.

மேல் பூச்சுக்கு எபாக்ஸி வேணாம்னு சொல்லுவேன், கெட்டியா கண்ணாடி மாதிரி நின்னு ஓரமெல்லாம் மழுங்கி, பாத்த உடனே புதுசுன்னு தெரியும். மெல்லிசு லேக்கர் அஞ்சாறு கோட்டிங். முள் பட்டா சீக்கிரம் கீறும்தான், பழசுலயும் கீறிச்சே.

லிப் கோணம் முக்கியமா?

ரொம்ப. உடம்பு நீளவாக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தா ஆழமா போகும், கீழ மடங்கினா மேலோட்டமா அகலமா ஆடும். பித்தளைத் தகட்டுல வெட்டுங்க, வாளித் தண்ணியில இழுத்துப் பாத்து வளைங்க. ஒரு பக்கமா சாஞ்சே போனா லிப்பை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி மூக்குக் கொக்கி (தூண்டில் நூல் கட்டுற இடம்) நடுவுல இருக்கான்னு பாருங்க.

பழைய பெயிண்ட்டை சுரண்டி எடுத்துட்டு மறுபடி அடிக்கலாமா?

மோசமான நிலைமையில, பேரில்லாத லூரா இருந்தா உங்க இஷ்டம். ஆனா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அமெரிக்காவுல வீட்டு உபயோக பெயிண்ட்ல ஈயத்தை தடை பண்ணினதே 1978-லதான். காய்ஞ்ச உப்புத்தாள் போட்டு தூசி பறக்க விடாதீங்க, ஈரமா தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்க இருக்குற அறையில வேணாம்.

நான் செஞ்சதை விக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?

அந்தக் கால அமெரிக்க பேடண்ட்டுக்கு ஆயுசு 17 வருஷம், அதனால 1920ஓட லிப்பை செய்ய யார் அனுமதியும் வேணாம். கம்பெனி பேரு வேற விஷயம், ஹெடான், ஆர்போகாஸ்ட் எல்லாம் இன்னைக்கும் புது லூர் விக்கிற பேரு, அதை லிப்புல குத்துறதோ பெட்டியில அச்சடிக்கிறதோ கூடாது. அமெரிக்காவுல செஞ்சு விக்கிறவங்களுக்கு லூர் மேல 10 சதவீதம் ஃபெடரல் எக்சைஸ் வரியும் உண்டு, வீட்டுல உக்காந்து நாலு செஞ்சாலும் விதி விதிதான்.

சட்டத்தை விட முக்கியம், உங்க பேரையும் வருஷத்தையும் வயித்துல, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி மரத்துலயே சுட்டு எழுதுங்க. ஸ்டிக்கர் வேணாம், பேனா வேணாம், அது மூணாவது கைக்கு போறதுக்குள்ள காணாமப் போயிடும். 1976-ல இருந்து அங்க நேஷனல் ஃபிஷிங் லூர் கலெக்டர்ஸ் கிளப் இருக்கு, அந்த மாதிரி ஆளுங்க நடுவுல காப்பின்னு சொல்லி வித்தா மதிப்பாங்க, சொல்லாம வித்தா ஒரே தடவைதான் விக்க முடியும்.

பழசு மாதிரி தெரியணும்னு தேய்ச்சு விடலாமா?

நான் பண்ண மாட்டேன். 180 டாலர் குடுத்து கத்துக்கிட்டது போதும்.

ஒரிஜினலை வச்சு மீன் பிடிக்கலாமா?

22 பவுண்ட் 4 அவுன்ஸ் பாஸ் மீனை ஜார்ஜ் பெர்ரி 1932-ல ஜார்ஜியாவுல பிடிச்சது ஒரு கிரீக் சப் லூர்லதான், அதனால திறமையில சந்தேகம் இல்ல. ஆனா இன்னைக்கு அந்த மரத்துல ஸ்குரூ மரை தளர்ந்திருக்கும், பெரிய மீன் ஒண்ணு உதறினா முள்ளோட கொக்கி ஸ்குரூவும் கழண்டு போயிடும், லூரும் போகும் மீனும் போகும். அதுக்குத்தான் காப்பி. என்னோட மர பைக்கி இப்ப மூணாவது சீசன் ஓடுது, பல்லு பட்ட குழி அங்கங்க இருக்கு, போன மாசம் துடைச்சு வைக்கும்போது பாத்தேன், முன் முள்ளுக்குக் கீழ மெல்லிசா ஒரு அரை நிலா விழ ஆரம்பிச்சிருக்கு.